எத்தனை அடியில் தண்ணீர்

கையை உருவினால் பாப்பா எழுந்துகொள்வாள். உருவாவிட்டால் இந்தக் கை இனி என்னுடையதாக இருக்காது, இப்போதே முழங்கைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, வேறு யாருடைய கையையோ என் தோளில் மாட்டிவிட்டதுபோல மரத்துக் கிடக்கிறது. ராத்திரி பூராவும் பல் முளைக்கிற தினவில் கத்தினாள், விடிந்தும் கத்தினாள், கேரட்டைக் கடித்தாள், என் மோவாயைக் கடித்தாள், அத்தையின் சுருக்குப்பையைக் கூட விடவில்லை, இப்போதுதான் இந்த மத்தியானத்தில் என் இடது கைமேல் தலையை வைத்துத் தூங்கியிருக்கிறாள். தொட்டிலில் போடலாம்தான், ஆனால் துணி முதுகில் படும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும், போலீஸ்காரி மாதிரி ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள். போதாததற்கு என் தாலிக்கொடியை ஒரு கையில் சுற்றிப் பிடித்திருக்கிறாள், நான் ஓடிவிடுவேன் என்று சந்தேகம் போல. எங்கே ஓட. போன் ஜன்னல் கட்டையில் சார்ஜில் கிடக்கிறது. அங்கே வைத்த புத்திசாலியும் நான்தான், பேசும்போது பாதியில் அணைந்துவிடக் கூடாது என்று முன்யோசனை. முன்யோசனைக்காரிக்கு இந்தப் பாயிலிருந்து ஜன்னல் எட்டாது என்பது மட்டும் தோன்றவில்லை. இன்றைக்கு அவர் கூப்பிடுவார். கேட்கப்போவது ஒன்றே ஒன்று, இருக்கட்டுமா, வரட்டுமா. கோடைக்கு அண்டார்டிகா போனவர்களை ஏற்றிக்கொள்ளக் கப்பல் வந்து நிற்கிறது. குளிர்காலத்துக்குத் தங்க வேண்டிய மெக்கானிக்குக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள், பதிலுக்கு எங்கள் வீட்டுக்காரரைத் தங்கச் சொல்கிறார்கள். தங்கினால் தங்கினதுதான், கடல் உறைந்துவிடும், அடுத்த கோடைக்குத்தான் அடுத்த கப்பல். அங்கே முகாம் தலைவருக்கு இன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “நீ சொல்றதுதான் மேகலா” என்றார் போன தடவை. நான் என்ன சொன்னேன்? சிரித்துக்கொண்டே, “உங்க இஷ்டமுங்க, இங்க நாங்க ஜம்முனு இருக்கோம்” என்றேன். ஜம்முனு. அந்த வார்த்தையை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கத்தான் இன்றைக்குப் போன் வேண்டும். எதை வைப்பது என்பதும் இன்னும் தெரியாது.

காலை நீட்டிப் பார்க்கிறேன். கட்டைவிரலால் சார்ஜர் ஒயரை இழுத்தால் போன் கீழே விழும், விழுந்தால் சத்தம், சத்தம் கேட்டால் பாப்பா. வேண்டாம். திருச்செங்கோட்டில் இந்நேரத்துக்கு வெயிலில் சுவரைத் தொட்டாலே சுடும், அவருக்கு அங்கே மூச்சு மீசையில் உறைகிறதாம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தராவது போர்வெல் போடுகிற ரிக் லாரியில் போனவர்கள்தான். இந்தியா பூராவும் போர் போட்டு ஓட்டை போட்ட ஊர் இது. அதனால் அவர் பனிக்குப் போனதும் தெருவே வந்து கேட்ட முதல் கேள்வி, “அங்க எத்தனை அடில தண்ணிங்க?” என்பதுதான். “அடியெல்லாம் எதுக்குங்க, நிக்கறதே தண்ணி மேலதானுங்களே” என்றேன். அத்தை மட்டும் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. காதுகுத்து வீடானாலும் கறிக்கடையானாலும், “எம்பையன் பனிக்கட்டில போர் போடறான்” என்றுதான் சொல்லுவார், இப்போதும் மலையடிவாரத்தில் ஒரு காதுகுத்தில் உட்கார்ந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டுக்காரர் போர் போடவில்லை. பனிமேல் பட்டையில் ஓடுகிற ஒரு வண்டியை ரிப்பேர் பார்க்கிறார், ஓட்டுகிறார். பின்னால் ஒரு சறுக்குப் பலகை, அதில் நீள நீளமாகக் குச்சிகள். அந்தக் குச்சி ரேடியோ அலையைக் கீழே விடும். பனி அதற்குக் கண்ணாடி மாதிரி, உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அடியில் பாறையில் முட்டித் திரும்பி வரும். போய்வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துப் பனி எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு ராடு இறக்க வேண்டாம், ஒரு கேசிங் பைப் வேண்டாம். எங்கப்பா காட்டில் எங்கே தண்ணீர் என்று பாயிண்ட் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார், அது எழுந்து நின்ற இடத்தில் குச்சி நட்டார், ரிக் வந்தது, வெள்ளைவெளேரென்று பாறைப் பொடிதான் புகைபோலக் கிளம்பி எங்கள் சோளத்தட்டின்மேல் படிந்தது. அந்த ரிக்கில் கம்ப்ரசர் சரி பண்ண வந்தவர்தான் இவர். மோரை வாங்கிக் குடித்துவிட்டு, “இன்னும் இறக்கினாலும் புகைதானுங்க வரும், நிறுத்திக்குங்க” என்று அப்பாவிடம் உண்மையைச் சொன்னார். ஓனர் முறைத்தார். தண்ணீர் வரவில்லை, மாப்பிள்ளை வந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அங்கே பர்ணாலி மேடம் என்று ஒரு விஞ்ஞானி, டீ குடிக்கிற நேரத்தில் டிரைவர்களுக்கெல்லாம் கதை சொல்வாராம், அதை இவர் எனக்குச் சொல்வார், நான் அரிசி புடைத்துக்கொண்டே ம் கொட்டுவேன். முன்காலத்தில் பனியின் கனம் தெரிய வெடி வைப்பார்களாம். குழி தோண்டி வெடித்துவிட்டு, தரையில் காதை வைத்த மாதிரி கருவியை வைத்து எதிரொலி கேட்பார்கள், அப்புறம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த இடம், அங்கே ஒரு வெடி. “நம்ம சங்ககிரிக் கல்லுக்குழி மாதிரி” என்றேன். “அதேதான், ஆனா கல்லு வராது” என்றார். ரேடியோ அலையை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லையாம், ஒரு தப்பிலிருந்துதான் பிடித்தார்களாம். விமானத்தில் உயரம் காட்டுகிற கருவி ஒன்று இருக்கும், அதுவும் ரேடியோ அலையைக் கீழே விட்டுத் திரும்பி வருகிற நேரத்தைத்தான் எண்ணும். கடல்மேல் ஒழுங்காகக் காட்டியது, காட்டுமேல் ஒழுங்காகக் காட்டியது, பனிமேல் போனால் மட்டும் ஏமாற்றியது. அலை பனியில் நிற்காமல் உள்ளே புகுந்து அடியிலிருந்து திரும்பியது. ஊசி, நிறைய உயரம் இருக்கிறது, இறங்கு இறங்கு என்றது. வெளியே பார்த்தால் வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, நிழல்கூட இல்லை. ஊசியை நம்பி இறங்கினால் வயிற்றில் பனி. “கருவி கெட்டுப்போச்சுங்களா?” என்று கேட்டேன். “அதான் இல்லை, கருவி சரியாத்தான் அளந்துச்சு. வேற எதையோ அளந்துச்சு.” அப்புறம் ஒருத்தர் அந்தத் தப்பையே எடுத்துப் பனிமேல் வைத்து வேண்டுமென்றே அளந்து பார்த்தாராம். இன்னொரு இடத்தில் வானத்தைக் கேட்க வைத்திருந்த ரேடியோப் பெட்டியில் பனிக்குக் கீழேயிருந்தும் சத்தம் கேட்டதாம். அதற்குப் பிறகு விமானத்து இறக்கைக்கடியில் கம்பிகளைக் கட்டிக்கொண்டு வருசக்கணக்காகக் குறுக்கும் நெடுக்கும் பறந்து, திரும்பி வந்ததையெல்லாம் சினிமாச் சுருள் மாதிரி பிலிமில் பிடித்தார்களாம். அந்தச் சுருள்களை இப்போது மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கிறார்களாம். அதில் ஒரு இடத்தில் கோணல்மாணலாகப் போகிற பாறைக்கோடு திடீரென்று நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், அது ஏரி, மைல் கணக்கில் பனியைச் சுமந்துகொண்டு உறையாமல் கிடக்கிற ஏரி. இதை எதிர்வீட்டு ரிக் ஓனரிடம் சொன்னேன், தொடையைத் தட்டினார். “நாந்தான் சொன்னனே, தண்ணியில்லாத ஊரு ஏது! எத்தனை அடிம்மா?” “பத்தாயிரம் அடிக்கும் மேலங்கறாங்க.” “அடேங்கப்பா, அத்தனை ராடு எவங்கிட்ட இருக்குது” என்று உள்ளே போய்விட்டார், நிஜமாகவே கவலையாகத்தான் போனார்.

சிரிப்பு வருகிறது, அடக்குகிறேன், வயிறு குலுங்கினால் பாப்பா எழுவாள். எனக்கு எப்போதும் இதுதான். பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்தாலும் சிரிப்பேன், அறிவியல் டீச்சர் வெளியே அனுப்பினால் வெளியே நின்று சிரிப்பேன். பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில்காரி, “ஏன்டி, வலிக்குதா இல்லியா உனக்கு?” என்று கோபித்துக்கொண்டாள். வேசம் இல்லை இது, நான் ஆனதே இதில்தான், என் அடிப்பாறை. அதுதான் சிக்கல். அவர் அங்கேயிருந்து “எப்படி இருக்கே?” என்று ஒரு அலையை விடுகிறார், அது மேலே கிடக்கிற எதிலும் நிற்பதில்லை, நேராக உள்ளே இறங்கிப் போய்ச் சிரிப்பில் முட்டிக்கொண்டு சிரிப்பாகத் திரும்பிப் போகிறது. அவர் ஊசியைப் பார்க்கிறார். நிறைய இடம் இருக்கிறது. இறங்கலாம். மேலே கிடப்பது என்ன? சொன்னால் ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும். குளிக்கும்போது கதவைச் சாத்த முடியாது, பாப்பாவை வாசல்படியில் உட்கார வைத்துப் பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்ற வேண்டும், பாட்டு நின்றால் அழுவாள், கண்ணில் சோப்போடு பாடு. சோறு ஒரு கையில். தலைவலி என்றால் தலையோடு. போன வாரம் அத்தை கடலை உரித்துப் போட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தார், நான் அடுப்பைத் தணித்துவிட்டு வருவதற்குள் பாப்பா வாய் திறந்து உட்கார்ந்திருந்தாள், சத்தமே இல்லை, அதுதான், சத்தமே இல்லை, முகம் நாவல்பழ நிறம். தலைகீழாகக் கைமேல் கவிழ்த்து முதுகில் தட்டினேன், தட்டினேன், என் கை எப்படித் தட்டியது என்று எனக்கு நினைவில்லை, ஈரமான ஒரு அரைக்கடலை தரையில் விழுந்தது. அப்புறம் கத்தினாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர் கூப்பிட்டார், “என்ன பண்றா எம்பொண்ணு?” “கடலை திங்கறாளுங்க” என்றேன். அவர் அங்கே எல்லாரிடமும் சொல்லியிருப்பார், என் பொண்ணு அதுக்குள்ளே கடலை திங்கறா என்று. இப்போதும் மூச்சு வருகிறதா? வருகிறது. கழுத்து மடிப்பில் வேர்த்திருக்கிறது. கைதான் இல்லை. கை இல்லாமல் இப்போது ஏதாவது தொண்டையில் சிக்கினால் எப்படித் தட்டுவேன். தூங்குகிற குழந்தைக்கு என்ன சிக்கும், பைத்தியக்காரி, பால் சிக்கும், பால் சிக்காதா. குளிர்காலம் முழுக்க அங்கே சூரியனே வராதாம், பல்வலி வந்தால்கூட உள்ளே இருக்கிறவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதானாம். அவர் அங்கே ஒரு பெட்டிக்குள்ளே, நான் இங்கே ஒரு பாயில், நடுவில் உலகம் கிடக்கிறது.

வா என்று சொல்லிவிட்டால் என்ன. ஒரு வார்த்தை. ஆனால் எங்கள் ஊரில் அது கிடையாது. ரிக் கிளம்பும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவார்கள், பெண்கள் சுற்றி நிற்போம், எப்ப வருவீங்க என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் துளை போடுகிற பிட்டு பாறைக்குள் சிக்கிக்கொள்ளும், ராடோடு அறுந்துவிடும். போன் வந்த பிறகு போனிலும் கேட்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அதனால் வேறு எல்லாம் பேசுவார்கள், மாடு கன்று போட்டது, மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியது, எல்லாம். அத்தை அப்படி ஒரு ஆயுசைப் பேசியே முடித்துவிட்டார். மாமா சத்தீஸ்கர், ஒரிசா என்று ரிக்கிலேயே இருந்தார், கடைசியில் படுக்கத்தான் வீட்டுக்கு வந்தார். “நானெல்லாம் இருக்கலையா?” என்பார் அத்தை, எதற்கெடுத்தாலும் அதுதான். பாப்பாவுக்குக் காய்ச்சல், நானெல்லாம் இருக்கலையா. எனக்குக் காய்ச்சல், நானெல்லாம் இருக்கலையா. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார், “உம்புருசன் சின்னதுல, அவங்கப்பன் வந்தா லாரி மாமா வந்துட்டாருன்னு ஓடி ஒளிஞ்சுக்குவான். தூக்கினா அழுவான். அவரு முகம் போற போக்கைப் பாக்கோணும்!” என்று சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். கீரையைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. அவர் போகும்போது இவள் கவிழ்ந்து படுக்கக்கூடத் தெரியாதவள். இப்போது தவழ்கிறாள். அடுத்த கப்பலில் வந்தால் ஓடிக்கொண்டிருப்பாள், என் கால்களுக்குப் பின்னால். அதையும் சொல்லிச் சிரிப்போம், நானும் அத்தையும். சிரிக்க ஆள் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர் குரல்? அன்றைக்குப் பேசும்போது குழந்தை மாதிரிக் குதித்தது. “மேகலா, திரையில ஒரு பள்ளத்தாக்கு வந்துச்சு. அப்படியே பாறை இறங்கிப் போயிட்டே இருக்குது. பனி மேல நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது, சப்பட்டை. மனுசங்க யாரும் பாக்காத பள்ளம், வண்டியை ஓட்டினது நான்.” பொடி கிளம்பின காட்டில் மோர் குடித்துக்கொண்டு நின்ற மனுசனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குளிர்காலத்துக்கு வண்டிகளைக் காப்பாற்றி வைத்தால் அடுத்த கோடையில் அந்தப் பள்ளத்தில் இன்னும் தூரம் போகலாம், அவரும் போகலாம். வாங்க என்றால் அந்தக் குரலை நான் அணைக்கிறேன். இருங்க என்றால் இந்தப் பாயில் நான் அணைந்துபோகிறேன். இரண்டில் எதைச் சொன்னாலும் மற்றதுதான் சரி என்று அப்புறம் தோன்றும். அவராகவே தெரிந்துகொள்ளக் கூடாதா? அத்தனை மைல் பனிக்கு அடியில் இருப்பது தெரிகிறது. ஆனால் அதற்கும் மேலே நின்று யாரோ ஒருத்தர் அலையை விட வேண்டியிருக்கிறது, வருகிற கோட்டில் எது பாறை, எது பனிக்குள் படிந்த பழைய எரிமலைச் சாம்பல் என்று படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவர் டீசல் மெக்கானிக். சொன்னால்தான் தெரியும்.

போன் அடிக்கிறது. ஜன்னல் கட்டையில் அதிர்ந்துகொண்டே ஓரத்துக்கு நகர்கிறது. பாப்பாவின் புருவம் சுருங்குகிறது. இன்னும் தூங்குகிறாள். எடுக்காவிட்டால்? அங்கே எல்லாருக்கும் ஒரே போன், வரிசையில் அடுத்த ஆள் பேசுவார், இவர் என் போன வாரத்துச் சிரிப்பை எடுத்துக்கொண்டு போய்த் தலைவரிடம் கொடுப்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆகும், குழந்தை தூங்கினாள் அதனால் எடுக்க முடியவில்லை என்று ஆகும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. எவ்வளவு சௌகரியம். கையை உருவினேன். வீல் என்று ஊரே கேட்கக் கத்தினாள். செத்த கையால் அவளை எப்படியோ இடுப்பில் அண்டக் கொடுத்துக்கொண்டு எழுந்து வலது கையால் போனைப் பிடித்தேன். “ஹலோ.” ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது, என் குரல் சாட்டிலைட்டுக்கு மேலே போய் அங்கே இறங்கி, அவர் குரல் ஏறி இங்கே வர வேண்டும். “மேகலா? பாப்பா அழுவறாளா?” “ஆமாங்க. நாந்தான் எழுப்பினேன்.” மறுபடி அந்த ஒன்றுமில்லாத நேரம். “சரி கேளு, தலைவர் பக்கத்துலதான் நிக்கறாரு. என்ன சொல்லட்டும்? இருந்துக்கட்டுமா?” அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வருவது எனக்கே தெரிந்தது. பல்லைக் கடித்தேன். “வேண்டாமுங்க. வந்துருங்க.” சொன்னது போய்க்கொண்டிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் எப்போதும் ஏதாவது சொல்லி நிரப்புவேன், சும்மா சொன்னேனுங்க, பரவாயில்லைங்க, ஏதாவது. நிரப்பவில்லை. பாப்பா மட்டும் கத்திக்கொண்டிருந்தாள். “என்ன? என்னாச்சு?” “போன வாரம் பாப்பாவுக்குத் தொண்டையில கடலை சிக்கிருச்சுங்க. முகமெல்லாம் கறுத்துப்போச்சு. நான் ஒருத்தியா இருந்தேன். உங்ககிட்ட வேற மாதிரி சொன்னேன். என்னால ஆகலீங்க. வந்துருங்க.” இந்தத் தடவை இடைவெளி நீளமாக இருந்தது, அலை போய்வருகிற நேரத்தைவிட நீளம். அவர் மூச்சு கேட்டது. பள்ளத்தாக்கு கேட்டது என்றுகூட நினைத்தேன். பிறகு, “சரி. தங்கறவங்க லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்துரச் சொல்றேன். கப்பல்ல ஏறிர்றேன்” என்றார். குரலில் குதிப்பு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. “அவளைப் பாத்துக்க” என்றார், வரிசையில் யாரோ இருமினார்கள், வைத்துவிட்டார்.

திரும்பினால் வாசலில் அத்தை, ஒரு காலில் செருப்போடு, காதுகுத்து வீட்டுத் தாம்பூலப் பையோடு நிற்கிறார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. நானெல்லாம் இருக்கலையா வரப்போகிறது என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அவர் பையைக் கீழே வைத்தார், மற்ற செருப்பையும் கழற்றினார், வந்து பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்தார். என் கையில் ரத்தம் இறங்கி ஆயிரம் எறும்பு கடித்தது. “வந்துருங்கன்னா சொன்னே?” “ஆமாங்கத்தை.” “என்னங்கறான்?” “வர்றேங்கறாருங்க.” அத்தை தலையாட்டிக்கொண்டார். பாப்பாவின் முதுகைத் தட்டியபடி அறைக்கு அந்தக் கோடிக்குப் போனார், திரும்பி வந்தார், ஜன்னல் பக்கம் நின்றார். ஒருத்தரிடம் வழி கேட்கிற குரலில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “ஏனம்மிணி, சொன்னா வந்துருவாங்களா?”